கயிற்றை இழுத்தவருக்கு என்ன நடந்தது?

(கோவையில் சிறுதொழில் பட்டறை உரிமையாளர்களும் மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் பட்டறை உரிமையாளர்கள் இருக்கிறீர்கள். நடுவில் சூப்பர்வைசர்கள், ஃபோர்மேன்கள். பின்னால், ஷிப்ட் முடிந்து கைக் கறையைக்கூட முழுதாகக் கழுவ நேரமில்லாமல் வந்திருக்கும் ஆப்பரேட்டர்கள். லீன் என்று சொன்னாலும் கைசன் என்று சொன்னாலும் தொடர் மேம்பாடு என்று சொன்னாலும், அந்த வேலையில் ஆட்களை எப்படி நடத்திச் செல்வது என்று பேசும்படி கேட்டார்கள். நான் 34 ஆண்டுகள் மெஷின் ஷாப்பில் இருந்தவன். அதனால் மெஷினிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் வீட்டுப் பிள்ளை. வாழ்நாள் முழுவதும் தறியோடு மல்லுக்கட்டியவர். 1924-இல் அவர் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடினால், ஓடிய மீட்டர் அத்தனையும் பழுது. நின்றுவிடும் தறி என்றால் ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்கொட்டாமல் காவல் நிற்க வேண்டாம். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனின் பெரிய தறிக் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ், 1929-இல் இதன் காப்புரிமையை விலைகொடுத்து வாங்கியது.

இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது எந்திர நுட்பத்தை அல்ல. நூல் அறுந்ததும் நிற்கும் தறியை நாம் யாரும் திட்டுவதில்லை. நல்ல தறி என்றுதான் சொல்கிறோம். அதே காரியத்தை ஒரு மனிதர் செய்தால், ‘இது சரியில்லை’ என்று வேலையை நிறுத்தினால், தளத்தில் முதலில் கேட்கும் குரல் என்ன? ‘யார்யா நிறுத்தினது?’ இந்தக் கேள்வி இருக்கும்வரை எந்த ஜப்பானிய முறையும் நம் கூரைக்குள் வேர் பிடிக்காது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பிரச்சினையைச் சொன்னவருக்கு அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது, அடுத்த ஓர் ஆண்டில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். அங்கே தலைமையின் லட்சணம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபிரீமான்ட் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஆலை நடத்தியது. அந்தக் கம்பெனியின் ஆலைகளிலேயே மோசமான பெயர் எடுத்த ஆலை அது. எந்த நாளை எடுத்தாலும் 100 பேருக்கு 20 பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வேலை நேரத்தில் குடி, சொல்லாமல் கொள்ளாமல் வேலைநிறுத்தம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத பகை. அங்கே மாறாத சட்டம் ஒன்று உண்டு: லைன் நிற்கக் கூடாது. தப்பு நடந்தது கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் நகர்ந்துகொண்டே போக வேண்டும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்வார்கள். 1982-இல் ஆலையை மூடினார்கள்.

அந்த ஆலையை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984-இல் மறுபடி திறந்தன. நூமி என்று பெயர். நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. கட்டடம் பழையது, சங்கமும் பழையது. முதலில் எடுத்த தொழிலாளர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அதே ஆலையில் முன்பு வேலை பார்த்தவர்கள். ‘ஆள் சரியில்லைங்க, இந்தக் காலத்துல ஆளே கிடைக்கறதில்லைங்க’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே ஆட்கள். சில ஆண்டுகளுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் தரத்தில் அதுவே முன்னணி. வேலைக்கு வராதவர்கள் 100-க்கு 2 அல்லது 3 பேர்.

என்ன செய்தார்கள்? நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை, வருங்காலக் குழுத் தலைவர்களை, தொகுதி தொகுதியாக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் மூன்று வாரம் ஜப்பானியத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று கார் பூட்டிப் பழகினார்கள். அங்கேதான் அந்தக் கயிற்றைப் பார்த்தார்கள்.

கயிறு லைனின் நீளத்துக்கும் தலைக்கு மேல் ஓடும். வேலை பின்தங்கினாலும் சரி, ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் வந்தாலும் சரி, அங்கே நிற்கிற யாரும் இழுக்கலாம். இழுத்ததும் ஓர் இசை ஒலிக்கும். பலகையில் அந்த இடத்தின் எண் எரியும். லைன் உடனே நிற்பதில்லை. கார் அந்த வேலையிடத்தின் கோட்டைத் தொடும் வரை நகர்ந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கார் போகிற லைன் அது, ஆகவே அவகாசம் சில நொடிகள்தான். அதற்குள் குழுத் தலைவர் அங்கே வந்துவிடுகிறார். ‘ஏன் இழுத்தாய்’ என்பது அவர் கேள்வி அல்ல. இழுத்தவரின் பக்கத்தில் நின்று, அவர் கண் போகிற இடத்தைத் தானும் பார்க்கிறார், கை கொடுக்கிறார். சரியாகிவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைக்கிறார்கள். சரியாகவில்லையென்றால் கோட்டில் லைன் நிற்கும்.

ஃபிரீமான்டில் பல ஆண்டுகள் ‘நிறுத்தாதே’ என்று மட்டுமே கேட்டவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! கயிற்றை இழுத்துவிட்டு, திட்டு விழுமோ என்று நின்ற நேரத்தில், உதவி ஓடி வருகிறது. அந்தப் பயிற்சிக்காக அப்போது டொயோட்டாவில் வேலை பார்த்த அமெரிக்கர் ஜான் ஷூக், பின்னாளில் இந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொன்னார். மனத்தை முதலில் மாற்றி, பிறகு நடத்தையை மாற்றலாம் என்று நாம் கூட்டம் போடுகிறோம். அங்கே நடந்தது தலைகீழ். செய்கிற காரியத்தை மாற்றினார்கள், மனம் பின்னால் வந்து சேர்ந்தது. நம் பட்டறைகளில் சுவரெங்கும் ‘தரமே நம் உயிர்’ என்று எழுதிவைத்திருக்கிறோம். சுவர் படிக்கச் சொல்கிறது. கயிறு செய்து பார்க்கச் சொல்கிறது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. உரிமையாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நூமியில் ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர். அவரும் சங்க உறுப்பினர்தான், தொழிலாளிதான். அதனால்தான் அந்தச் சில நொடியில் வர முடிகிறது. நம்மிடம் நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசர். அவர் கையில் டெலிவரி சலான், காதில் போன், மனத்தில் இன்று மாலை லாரிக்குப் போக வேண்டிய 600 பீஸ். நாம் கண்காட்சிக்குப் போய் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் கம்பம் வாங்கிவந்து மெஷினுக்கு மெஷின் நட்டுவிடுகிறோம். முதல் நாள் ஆப்பரேட்டர் சிவப்பைப் போடுகிறார். அரைமணி நேரம் எரிகிறது, யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் போடுவதில்லை. விளக்கு ஃபியூஸ் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கூடுதல் ஆள் வைக்க முடியாது என்பீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்று கேட்கிறேன்: ரீவொர்க்குக்கு ஓவர்டைம் கொடுக்கிறீர்கள், வாடிக்கையாளர் இடத்துக்கு ஆள் அனுப்பிப் பீஸைப் பொறுக்க வைக்கிறீர்கள். அந்தப் பணம் எல்லாம் கயிற்றுக்கு ஆள் வராததற்கு நாம் கட்டும் அபராதம். பத்துப் பேருக்கு ஒருவரை, மெஷினில் கட்டிப்போடாமல், கூப்பிட்டால் வரும்படி விட்டுப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் கணக்கரிடமே கேளுங்கள்.

இப்போது என் கதை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தப்பு என்னுடையது.

வார்ப்பிரும்பு பிராக்கெட்டில் நான்கு துளை போடும் ட்ரில்லிங் மெஷின். ஆப்பரேட்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய ஃபிக்சரைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிப் பாவாடை மாதிரி கட்டியிருப்பார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பார்க்க அசிங்கமாக இருக்கும். அப்போதுதான் நாங்கள் 5எஸ் என்ற ஒழுங்குமுறையைத் தொடங்கியிருந்தோம். வேண்டாததைப் பிரித்து ஒதுக்குவதுதான் அதில் முதல் படி. அன்று வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார். வேண்டாததில் ஒட்டும் சிவப்புச் சீட்டுக் கட்டோடு நான் சுற்றி வந்தேன். ட்யூபைப் பார்த்தேன், பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் மெஷினை நிறுத்தி, நான் பிடுங்க வசதியாக நகர்ந்து நின்றார்.

தணிக்கை நன்றாக முடிந்தது. அன்று இரவு ஷிப்டிலிருந்து ரிஜெக்ஷன் ஏறியது. துளைகளின் இடம் விலகுகிறது, கேஜ் இறங்கவில்லை. ட்ரில்லை மாற்றினோம். புஷ்ஷை மாற்றினோம். காஸ்டிங் தருகிறவருக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினோம். மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள், வேறு வழியில்லாமல், நான் அவரிடம் போய் நின்றேன்.

“எப்ப இருந்துங்க இப்படி வருது?”

“அந்த ட்யூபு போன அன்னிக்கிருந்துங்க சார்.”

சிப்ஸும் தூளும் தெறித்து, காஸ்டிங் உட்காரும் இடத்தில் படியும். அதன் மேல் பீஸை வைத்தால் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். துளை விலகும். ட்யூப் அந்தத் தூளைத் தடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு முதல் பீஸிலேயே தெரிந்துவிட்டது.

“ஏங்க அப்பவே சொல்லலை?”

கோபமில்லாமல், குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: “நீங்கதானுங்களே சார் எடுத்துப் போட்டீங்க.”

அந்தப் பதிலை நான் பல ஆண்டுகளாகச் சுமக்கிறேன். அவருக்கு வேலையில் அக்கறை இல்லையா? இருந்தது. அறிவு? எங்கள் எல்லோரையும்விட அதிகம். ஆனால் பெரியவர் ஒருவர் வந்து கையால் பிடுங்கிப் போட்டதை, ‘தப்பு’ என்று சொல்ல அந்தத் தளத்தில் இடமில்லை. இடம் இல்லாமல் செய்தவன் நான். நகர்ந்து நின்றாரே, அந்த ஒரு நொடியில் ‘இது எதுக்குங்க கட்டியிருக்கீங்க?’ என்று கேட்டிருந்தால் போதும். மூன்றே சொல்.

தாயிச்சி ஓனோவைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். டொயோட்டாவின் உற்பத்தி முறையைத் தளத்தில் நின்று உருவாக்கியவர். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பொறியாளரை மணிக்கணக்கில் நிற்கவைத்து, ‘பார்’ என்பார். மென்மையான மனிதர் அல்லர். ஆனால் அந்தக் கடுமை மேலாளர்கள், பொறியாளர்கள் மீது. வட்டத்தில் நிற்கவைக்கப்பட்டவர் தொழிலாளி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே கெம்பா வாக் என்று ஏழு பேர் கோப்போடு ஊர்வலம் போகிறோம். ஒரு மெஷினுக்கு நாற்பது நொடி, ஆப்பரேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கெம்பா என்றால் காரியம் நடக்கும் இடம். அங்கே போவது கண்காணிக்க அல்ல, தெரிந்துகொள்ள. தனியாகப் போங்கள். ஒரே மெஷினுக்கு, ஒரு மணி நேரம்.

அடுத்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஓர் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது இன்னும் கசப்பான பகுதி.

மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்ய ஒருவர் வழி சொல்கிறார். மூன்றாமவர் என்ன ஆனார்? வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் தளத்தில் அதுவே கடைசி யோசனை. இனி யோசனை சொல்லக் கூடாது என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்க மாட்டார்கள். யோசனைப் பெட்டி தானாகத் துருப்பிடிக்கும்.

டொயோட்டா இதை அடிபட்டுக் கற்றது. போருக்குப் பின் பணமில்லாமல் மூழ்கும் நிலை. 1950-இல் ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம், ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கம்பெனியை உருவாக்கிய கீச்சிரோ டொயோடா, சகிச்சியின் மகன், பொறுப்பேற்றுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். வேலையை இழந்தவர்களோடு தலைவரும் வெளியே போனார் என்பது இருந்தவர்களின் மனத்தில் தங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1951-இல், தொழிலாளர் யோசனைத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் பார்த்து வந்ததன் அடிப்படையில் தொடங்கியதுதான். விதை அங்கிருந்து வந்தது. மண் டொயோட்டாவில் பண்பட்டிருந்தது.

நூமியிலும் அந்தச் சோதனை வந்தது. அங்கே தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே, கம்பெனியின் உயிருக்கே ஆபத்து என்றாலொழிய ஆட்குறைப்பு இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1988 வாக்கில் விற்பனை விழுந்தது. ஆலை தன் திறனில் 60 சதவீதம்கூட ஓடவில்லை. பழைய ஃபிரீமான்ட் ஆட்களுக்கு அடுத்து என்ன வரும் என்பது மனப்பாடம். வரவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைக்கும் போட்டார்கள், ஒருவரையும் நீக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே உணவுக்கூடம், அதிகாரிக்குத் தனி கார் நிறுத்துமிடம் கிடையாது என்பதெல்லாம் நல்லவைதான். ஆனால் வாக்கு நின்றதா என்பதைத்தான் தொழிலாளி எடை போடுவார். அந்த ஆண்டில் அது நின்றது.

நூமியை நான் கோயிலாக்க விரும்பவில்லை. பழைய ஆலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 நொடி கை ஓடியது என்றால் நூமியில் 57 நொடி ஓடியது என்று அந்த ஆலையை ஆராய்ந்த பால் ஆட்லர் எழுதியிருக்கிறார். மூச்சு விடும் இடைவெளி மூன்று நொடி. 1993-ஆம் ஆண்டுக்கான புது மாடல் வந்தபோது கை, தோள், முதுகு வலிகள் பெருகி, மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை தலையிட வேண்டியிருந்தது. ஜப்பானிய முறையே மூன்று பகைகளைச் சொல்கிறது: முடா என்பது வீண், முரா என்பது ஏற்ற இறக்கம், முரி என்பது மனிதர் மீதோ மெஷின் மீதோ ஏற்றும் அதிகப் பளு. நாம் வகுப்பெடுக்கும்போது முடாவோடு நிறுத்திவிடுகிறோம். ஆப்பரேட்டர் குனிவதைக் குறைத்ததையும் கைசன் என்று பலகையில் எழுதும் பட்டறையை நான் நம்புவேன். நொடியை மட்டும் எழுதும் பட்டறையை நம்பமாட்டேன்.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1 அன்று டொயோட்டா ஆலையை மூடியது. 4,700 பேர் அளவுக்கு வேலை இழந்தார்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

‘அதெல்லாம் ஜப்பான்காரனுக்கு, அமெரிக்காக்காரனுக்கு’ என்று சொல்ல நமக்கு வாய்ப்பில்லை. 1998-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக, தர மேலாண்மைக்கு ஜப்பானில் தரும் டெமிங் பரிசைப் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு. அடுத்த சில ஆண்டுகளில் நம் மாநிலத்திலிருந்தே டிவிஎஸ் மோட்டார் உட்பட வரிசையாகப் பலர் வாங்கினார்கள். லேத்தில் நின்றவர்கள் நம்மூர் ஐடிஐ பிள்ளைகள்தான்.

ட்யூபுக்குத் திரும்புகிறேன். அதே வடிவத்தில் தகரத்தில் ஒரு மறைப்புச் செய்து எல்லா ட்ரில்லிங் மெஷினுக்கும் மாட்டினோம். ரிஜெக்ஷன் நின்றது. கைசன் பலகையில் முன்பு, பின்பு என்று இரண்டு படம். படிவத்தில் ‘தயாரித்தவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எங்கள் இளம் பொறியாளர் கையெழுத்துப் போட்டார், கீழே நான். ஆப்பரேட்டர் பெயருக்குக் கட்டமே இல்லை. இதை நான் கவனிக்கக்கூட இல்லை. பல ஆண்டு கழித்து, அவர் ஓய்வுபெறும் வாரத்தில்தான் உறைத்தது. அந்தத் தகரத்தில் அவர் பெயரைப் பொறித்து வைக்கலாம் என்று ஆசைப்பட்டு அவரிடம் கேட்டேன்.

“வேண்டாங்க சார். அது எம்பட யோசனை இல்லீங்க. நைட் ஷிப்ட்ல கான்ட்ராக்ட்ல ஒரு பையன் வந்துட்டு இருந்தானுங்க, அவன்தான் அவன் சைக்கிள் ட்யூபை வெட்டி மொதல்ல கட்டுனது. ஆறு மாசத்துல நிறுத்திட்டாங்க.”

“பேரு ஞாபகம் இருக்குதுங்களா?”

“தம்பீன்னுதானுங்க கூப்பிடுவோம்.”

பழைய கேட் ரெஜிஸ்டர்கள் ஸ்டோர் ரூம் பரண் மேல் இருந்தன. இறக்கிவைத்து, அந்த ஆண்டின் இரவு ஷிப்ட் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்குப் பெயர், டோக்கன் எண், வந்த நேரம் எல்லாம் இருந்தது. கான்ட்ராக்ட் வரிசையில் ஒப்பந்ததாரரின் கையெழுத்தும், அதற்கு நேரே ‘ஆட்கள் 6’ என்பதும் மட்டுமே இருந்தன.